மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார்

"மாமா, இத வீசிருங்க, நான் வேற ஒன்னு கொண்டாந்து தர்றேன்" என்று அக்கா மகன் சொன்னபோது, அவன் பேச்சில் தவறேதும் இருப்பதாக எனக்கும் தோன்றவில்லை. மூன்று வாரங்களாக ஒவ்வொரு மாலையும் பினாங்குத் தீவின் பாலிக் பூலாவில் வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து, ஒரு பழைய மடிக்கணினியிலிருந்து கொடிமலை மேலிருக்கும் நண்பரின் வானொலி நிலையத்துக்கு வானலை வழியாக ஒரு கடிதம் அனுப்ப முயன்று முயன்று தோற்றுக்கொண்டிருந்தேன். பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணனின் கடிதங்களோ அதே மலைக்கு, அதே மாலை நேரத்தில், தடையில்லாமல் போய்ச் சேர்ந்தன. அவரிடம் இருப்பது சென்ற ஆண்டு வாங்கிய புதிய கணினி. என்னிடம் இருப்பது 386எஸ்எக்ஸ் செயலியும் 2 மெகாபைட் நினைவகமும் மங்கலான ஒற்றை நிறத் திரையும் கொண்ட பழைய பெட்டி. குற்றம் எங்கே இருக்கிறது என்று யாரைக் கேட்டாலும் விடை ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அந்த விடை தவறாகிப்போய்ப் பல மாதங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அதை நானும் எவ்வளவு எளிதாக நம்பினேன் என்பது இன்றுவரை மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கணினியை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் 40 வெள்ளிக்கு வாங்கினேன். மின்கலம் செத்துப்போயிருந்தது, உள்ளே கடிகாரத்தைக் காக்கும் சிறிய மின்கலமும் போய்விட்டதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை நானே கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து அடிமூடியைக் கழற்றித் தூரிகையால் தூசி தட்டியபோது, பலகையில் இருந்த சில்லுகளில் ஒன்றின் முதுகில் மலேசியா என்று பொறித்திருந்தது. பாயான் லெப்பாஸில் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். 1972இல் இன்டெல் போன்ற நிறுவனங்கள் இங்கே வந்து இறங்கியதிலிருந்து இந்தத் தீவின் கைகள் வழியாக எத்தனை கோடிச் சில்லுகள் உலகத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். போனதில் ஒன்று எங்கெங்கோ சுற்றிவிட்டுப் பத்து மைல் தள்ளி ஒரு சந்தைத் தரைவிரிப்பில் கிடந்தது. அதை வீசிவிடு என்று யாராவது சொன்னால் நெஞ்சில் ஒரு சுருக்கு விழத்தான் செய்யும். ஆனால் நெஞ்சு சொல்வதைக் கேட்டுக் கருவியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதும் அந்த 29 ஆண்டுகளில் கற்றதுதான்.

தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பலகை

செய்தியைச் சிறு பொட்டலங்களாக்கி வானலையில் அனுப்புவதைப் பேக்கெட் வானொலி என்பார்கள். என் பேக்கெட் வானொலி நிலையத்தில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: 5 வாட் வரை அனுப்பும் 2 மீட்டர் அலைநீள வானொலி, அந்த மடிக்கணினி, இரண்டுக்கும் நடுவே பேகாம் வகை மோடம். டிஎன்சி என்று அழைக்கப்படும் தனிப்பெட்டிகளை அறிந்தவர்களுக்கு இந்த மோடம் சற்று வியப்பாக இருக்கும். அரிசோனாவின் டேப்பர் குழுவினர் 1985இல் வெளியிட்ட டிஎன்சி-2 பெட்டிக்குள் இசட்80 செயலி ஒன்று இருந்து, பொட்டலம் கட்டுவது, பிழை பார்ப்பது, மறுமுறை அனுப்புவது ஆகிய அனைத்தையும் அதுவே செய்துகொள்ளும். கணினிக்கு வெறும் தட்டச்சுப் பலகை வேலைதான். ஜெர்மானிய அமெச்சூர்கள், அதாவது பொழுதுபோக்கு வானொலியாளர்கள், பரப்பிய பேகாம் மோடத்திலோ மூளை என்று ஒன்றுமே இல்லை. டிசிஎம்3105 என்ற ஒற்றைச் சில்லு, அதற்குத் துடிப்புக் கொடுக்க 4.4336 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்று, சில மின்தடைகள், அவ்வளவுதான். அந்தப் படிகம் நம் வீடுகளில் இருந்த பழைய பிஏஎல் வண்ணத் தொலைக்காட்சி ஒவ்வொன்றுக்குள்ளும் இருந்தது. என்னுடையது அப்படி ஒரு தொலைக்காட்சியிலிருந்து கழற்றியதுதான்.

ஆகவே முழுப் பொறுப்பும் கணினியின் தலையில் விழுகிறது. வானொலியில் வரும் ஒலியை, 1200 ஹெர்ட்ஸ் தொனியா 2200 ஹெர்ட்ஸ் தொனியா என்று மட்டும் பிரித்துச் சில்லு ஒரு கம்பியில் காட்டும். அந்தக் கம்பி மேலும் கீழும் மாறும் ஒவ்வொரு கணத்தையும் அளந்து, பிட்டுகளாக்கி, தொடர்ந்து ஐந்து ஒன்றுகள் வந்தால் அடுத்துச் செருகப்பட்ட பூஜ்யத்தை நீக்கி, முடிவில் 16 பிட் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, இது யார் யாருக்கு அனுப்பியது என்று திரையில் எழுத வேண்டியது 386இன் வேலை. அனுப்பும்போதும் அப்படியே. தொடர் துறை என்று நாம் அறிந்த 9 முனைச் செருகி இங்கே தன் இயல்பான தொழிலையே செய்வதில்லை. அதன் கட்டுப்பாட்டுக் கம்பிகளை நிரல் நேரடியாகப் பிடித்து ஆட்டுகிறது. எந்தக் கம்பி எப்போது உயர்ந்தது என்பதை அலைகாட்டியில் பார்க்கலாம், ஒலிபெருக்கியில் கேட்கலாம், திரையில் படிக்கலாம். ஒரு செய்தி உருவாகும் வழி முழுவதும் இப்படித் திறந்து கிடப்பதுதான் இந்த அமைப்பின்மேல் நான் வைத்திருக்கும் பற்றுக்கு முதல் காரணம்.

முதலில் எனக்கு வந்த ஐயம் மின்னழுத்தத்தின் மேல். பேகாம் பலகைக்குத் தனி மின்சாரம் கிடையாது. தொடர் துறையின் கம்பிகளிலிருந்து சில மில்லியாம்பியர்களை உறிஞ்சிக்கொண்டு, டையோடு வழியாக 5 வோல்ட்டாக்கிக்கொள்ளும். மேசைக் கணினிகளின் துறை தாராளமாகக் கொடுக்கும். மடிக்கணினிகள் மின்கலத்தைக் காப்பாற்ற நினைத்துக் கிள்ளிக் கொடுக்கும். சுமையோடு அளந்தபோது டையோடுக்கு முன்னால் 5.3 வோல்ட்தான் இருந்தது. டையோடு தன் பங்கை எடுத்துக்கொண்டபின் சில்லுக்குப் போதாது. வெளியிலிருந்து தனியாக 5 வோல்ட் கொடுத்தேன். பெறுவது அன்றே திருத்தமாகிவிட்டது. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அக்காவுக்கே தொலைபேசியில் சொன்னேன். மறுநாள் மாலை என் கடிதம் மறுபடியும் மலை ஏறவில்லை.

அக்கா மகன் அந்த வாரக் கடைசியில் தன் புதிய மடிக்கணினியோடு வந்தான். அதில் தொடர் துறை இல்லாததால் யூஎஸ்பி மாற்றி ஒன்றையும் வாங்கி வந்திருந்தான். பழையது குற்றவாளி என்பதை நிரூபித்துக் காட்டிவிட்டு, என்னை இந்தத் துன்பத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவன் எண்ணம். அன்பில் குறைவில்லாத பையன். மோடத்தை அதில் செருகினோம், ஒரு பொட்டலம்கூடப் படிக்க முடியவில்லை. அது அவன் குறையோ மாற்றியின் குறையோ ஆகாது. யூஎஸ்பி வழியில் தகவல் 1 மில்லி நொடிக்கு ஒரு தவணையாகக் கட்டி அனுப்பப்படுகிறது. நொடிக்கு 1200 பிட் என்றால் ஒரு பிட்டின் ஆயுள் 0.83 மில்லி நொடி. அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோலின் கோடுகள் அகலமாக இருந்தால் என்ன செய்வது? புதிய கணினியில் ஒலி அட்டை வழியாகப் பேக்கெட்டை அழகாகப் படிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பட்டர்வொர்த் அண்ணன் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் இந்த மோடத்தோடு பேச அந்தப் பழைய துறைதான் வேண்டும்.

அன்று இரவு ஒரு தாளில் கணக்குப் போட்டேன். என் கணினியின் துடிப்பு 20 மெகாஹெர்ட்ஸ். 1200ஆல் வகுத்தால் ஒரு பிட்டுக்கும் அடுத்த பிட்டுக்கும் இடையில் 16,666 துடிப்புகள். அதாவது வானலையில் ஒரு பிட் நகர்ந்து முடிவதற்குள் இந்தக் கிழட்டு இயந்திரம் 16,000 முறைக்கு மேல் துடித்துவிட்டுக் காத்திருக்கிறது. எது மெதுவானது என்று எல்லாரும் சொன்னோமோ, அது இந்த வேலையில் மெதுவானதே இல்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டும் எனக்கு ஐயம் தீரவில்லை, ஏனென்றால் கடிதம் போகவில்லையே.

கொடிமலையும் மூன்று வீடுகளும்

பினாங்கை அறிந்தவர்களுக்கு வரைபடம் தேவைப்படாது. தீவின் நடுவே கொடிமலைத் தொடர், உயரம் 833 மீட்டர் வரை. கிழக்கே ஜார்ஜ்டவுனும் கால்வாய்க்கு அப்பால் பட்டர்வொர்த்தும். மேற்கே மலையின் முதுகுப் பக்கம் நாங்கள். பாலிக் பூலாவ் என்ற பெயருக்கே தீவின் பின்புறம் என்றுதான் பொருள். அண்ணனுக்கும் எனக்கும் இடையே நேர்க்கோட்டில் அதிக தூரமில்லை, ஆனால் அவர் 25 வாட்டில் ஒரே திசையில் குவிக்கும் யாகி ஆண்டெனாவைத் திருப்பி வைத்துப் பேசினாலும் இங்கே என் ஒலிபெருக்கியில் ஒரு முனகல்கூடக் கேட்காது. மலை மேல் வேலை பார்த்து அங்கேயே தங்கியிருக்கும் தம்பி ஒருவர் எங்கள் மூவரில் இளையவர். இரண்டு பக்கமும் அவருக்குக் கேட்கும், அவர் பேசுவது எங்கள் இருவருக்கும் கேட்கும். அதனால்தான் அவருடைய நிலையத்தை அஞ்சல் பெட்டியாக வைத்துக்கொண்டோம். நிலையங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏபிஆர்எஸ் நடக்கும் அலைவெண்ணைத் தொந்தரவு செய்யாமல் வேறொன்றில் ஒதுங்கி, மாலை ஆறரைக்கு மேல் மூவரும் வீடு திரும்பிய பிறகு கடிதங்களை இட்டு எடுப்பது வழக்கமாயிற்று.

என் கணினியின் செவி நன்றாகத்தான் இருந்தது என்பதற்குச் சான்று முன்பே கிடைத்திருந்தது. மேற்கே கடலைப் பார்த்த வெட்டவெளி எங்களுடையது. அனைத்துலக விண்வெளி நிலையம் 145.825 மெகாஹெர்ட்ஸில் கேட்ட பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும் பேக்கெட் எதிரொலிப்பான் ஒன்றை வைத்திருக்கிறது. தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிடத்துக்குள் அதைப் பிடிக்க வேண்டும். ஓர் இரவு அந்தமான் கடல் பக்கமிருந்து நிலையம் எழுந்து வந்தபோது, வானொலியை வாசற்படியில் வைத்து, கணினியை மடியில் வைத்துக்கொண்டு, ஆர்எஸ்0ஐஎஸ்எஸ் என்ற அழைப்புக்குறி திரையில் வரிசையாக விழுவதைப் பார்த்தேன். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஒன்றின் சொல்லைப் பிழையின்றிப் படிக்கிற கணினிக்குப் பக்கத்து மலையோடு பேசத் தெரியாதா என்று அப்போதே நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்காமல், அமைப்பு எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். வானொலி அனுப்பத் தயாராகும் நேரமான டிஎக்ஸ்டிலேயை 300 மில்லி நொடியிலிருந்து 500 ஆக்கினேன். ஒலியளவைக் கூட்டினேன், குறைத்தேன். ஒரே முயற்சியில் நிறைய அனுப்பிவிடலாம் என்று பொட்டலத்தின் நீளமான பேக்லென்னை 256 பைட்டுக்கும், பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்பும் பொட்டலங்களின் எண்ணிக்கையான மேக்ஸ்ஃபிரேமை 4க்கும் உயர்த்தினேன். இதில்தான் பெரிய தவறு செய்தேன் என்பது பின்னால் தெரிந்தது. இணைப்பு மட்டும் பெரும்பாலும் கிடைத்துவிடும்; 'இணைந்தது' என்ற வரி திரையில் வரும்போது ஒவ்வொரு முறையும் நம்பிக்கை பிறக்கும். பிறகு கடிதத்தின் முதல் பொட்டலங்களை அனுப்பும், காத்திருக்கும், மீண்டும் அனுப்பும், பத்தாவது முயற்சியோடு அறுத்துக்கொள்ளும். சிறிய பொட்டலம் போகிறது, பெரியது போகவில்லை. சோதனைப் பிரிவில் இப்படி ஒரு வடிவம் கண்ணில் பட்டால் சில்லைத் தொடுவதற்கு முன் சோதனைக் கருவியின் தாங்கியைப் பார் என்று புதியவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொந்த வீட்டில் அது நினைவுக்கு வரவில்லை.

பதில் வந்தது, எனக்கில்லை

நான்காவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஏழு மணிக்குச் சற்று முன் வழக்கம்போல் கடிதத்தை அனுப்பத் தொடங்கினேன். அதிக எதிர்பார்ப்பு இல்லாமல், தேநீர் எடுத்து வர உள்ளே போனேன். திரும்பி வந்தபோது திரை நகர்ந்திருந்தது. முழுக் கடிதமும், இரண்டு கிலோபைட்டுக்குச் சற்று மேல், மலைக்குப் போய்ச் சேர்ந்து, தம்பியின் அஞ்சல் பெட்டி அதற்கு ஓர் எண்ணும் கொடுத்து அடுத்த கட்டளைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நான் எதையும் மாற்றவில்லை. அதே கம்பி, அதே ஆண்டெனா, அதே 5 வாட். மீண்டும் ஒன்று அனுப்பினேன், அதுவும் போயிற்று. எட்டு மணி வரை மூன்று கடிதங்கள் போயின. எட்டேகாலுக்கு நான்காவதை அனுப்பியபோது பழையபடி நின்றுவிட்டது.

மறுநாள் அண்ணனைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். "நேத்து நான் அந்த நேரத்துல வீட்டுலயே இல்லையே தம்பி, கோயிலுக்குப் போயிட்டேன். எட்டு மணிக்கு மேலதான் வந்து ரேடியோவத் தொறந்தேன்" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றிருந்தேன்.

அந்தப் பழைய டாஸ் நிரல் கேட்ட ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வைக்கும். யாரிடமிருந்து, யாருக்கு, என்ன வகை, எத்தனையாவது எண் என்று எதையும் மறைக்காமல் வரி வரியாக. தோற்றுப்போன ஒரு புதன்கிழமையின் கோப்பைத் திறந்து, வெள்ளிக்கிழமையின் கோப்போடு பக்கத்தில் வைத்துப் படித்தேன். அலைவழி எனக்கு அமைதியாகத் தெரிந்ததால் என் கணினி அனுப்பியிருக்கிறது: நான்கு பொட்டலங்கள், ஏழு நொடிக்கு மேல். நான் நிறுத்திய அடுத்த கணமே மலையிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. ஆர்ஆர் 4. பெற்றுக்கொண்டேன், அடுத்து 4ஆம் எண்ணை அனுப்பு என்று பொருள். ஆனால் முகவரி என்னுடையதில்லை, பட்டர்வொர்த் அண்ணனுடையது. நான் மறுபடி அனுப்புகிறேன், மறுபடி ஏழு நொடி. முடித்ததும் மலையிலிருந்து ஆர்ஆர் 0, அதுவும் அண்ணனுக்கு. பிறகு ஆர்ஆர் 4, பிறகு ஆர்ஆர் 0. பொட்டல எண்கள் 0 முதல் 7 வரை போய்த் திரும்பிச் சுழலும். நான்கு நான்காக அவை தாவுகின்றன என்றால், நான் பேசிக்கொண்டிருந்த அதே ஏழு நொடிகளில் மலைக்கு அந்தப் பக்கம் அவரும் நான்கு நான்காக அனுப்பிக்கொண்டிருந்தார் என்றுதான் பொருள். எனக்கு அவர் கேட்கவில்லை, அவருக்கு நான் கேட்கவில்லை. இருவரும் அலைவழி காலியாக இருப்பதை ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டுத்தான் பேசினோம். இருவர் சொல்லும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தம்பியின் தலையில் கொட்டியது.

அப்படியானால் இருவருடையதும்தானே கெட்டிருக்க வேண்டும், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்பதற்கும் விடை இருந்தது. எஃப்எம் பெறுவான் ஒரே அலைவெண்ணில் இரண்டு சமிக்ஞைகளைக் கேட்டால் வலுவானதைப் பற்றிக்கொண்டு மற்றதை அறவே விட்டுவிடும். மெலிந்தது இரைச்சலாகக்கூடக் கேட்காது. அவருடைய 25 வாட்டும் யாகியும் ஒரு பக்கம், என் 5 வாட்டும் ஓட்டுக்கூரை மேல் நட்ட ஒற்றைத் தண்டும் மறுபக்கம். ஒவ்வொரு மோதலிலும் அவர் வென்றார், தான் யாரோடும் மோதினோம் என்பதே தெரியாமல். அவர் கணினி புதிது என்பதால் வென்றார் என்று நாங்கள் எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம்.

இது எங்கள் மூவருக்கு மட்டும் வந்த விசித்திரம் ஒன்றுமில்லை. 1971இல் நார்மன் ஆப்ராம்சனின் குழு ஹவாய்த் தீவுகளைக் கணினி வலையால் இணைத்த அலோகாநெட்டில், ஒரு தீவின் முனையத்துக்கு இன்னொரு தீவின் முனையம் கேட்காது என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்பு என்ற ஒரே விதியில் நடத்தினார்கள். அந்த முறையில் அலைவழியின் கொள்ளளவில் 18.4 விழுக்காட்டுக்கு மேல் பயன் கிடைக்காது என்பது கணித முடிவு. முதலில் கேள், பிறகு பேசு என்ற விதி அதைவிடப் பல மடங்கு நல்லது. ஆனால் எல்லாரும் எல்லாரையும் கேட்க முடிகிற வரைக்கும்தான். கேட்க முடியாத ஒருவர் இருந்துவிட்டால் அந்த விதி நொறுங்கிப் பழைய நிலைக்கே போகும் என்பதை 1975இல் ஃபுவாட் டொபாகியும் லெனார்ட் கிளைன்ராக்கும் ஆராய்ந்து, 'மறைந்த முனையம்' என்று அந்தச் சிக்கலுக்குப் பெயரிட்டார்கள். இவையெல்லாம் எனக்குத் தெரியாதவை இல்லை. அமெச்சூர் வானொலி உரிமத்துக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்து காட்டியிருக்கிறேன். என் வீட்டுச் சன்னலைத் திறந்தால் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும் மலையை மட்டும் அந்தப் படத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

குறைத்ததும் கூடியது

தீர்வு செலவில்லாதது, ஆனால் மூவரும் சேர்ந்து செய்தால்தான் பலிக்கும். அண்ணன் தம் திறனை 25 வாட்டிலிருந்து 5 வாட்டாக இறக்கிக்கொண்டார். பட்டர்வொர்த்திலிருந்து மலைக்கு அதுவே மிகுதி. நான் பேக்லென்னை 64க்கும் மேக்ஸ்ஃபிரேமை 1க்கும் குறைத்தேன், அவரும் அப்படியே செய்தார். இதன் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. முகவரி, கட்டுப்பாடு, சரிபார்ப்பு எல்லாம் சேர்ந்து ஒரு பொட்டலத்துக்கு 20 பைட் மேற்செலவு. 256 பைட் பொட்டலங்கள் நான்கு என்றால் 1,104 பைட்; நொடிக்கு 150 பைட் வேகத்தில் 7.4 நொடி. அந்த 7.4 நொடியில் எந்த இடத்தில் அடுத்தவர் வாய் திறந்தாலும் ஒரு பொட்டலமாவது சாகும். 64 பைட் பொட்டலம் ஒன்று என்றால் அரை நொடிக்குச் சற்று மேல். மேற்செலவின் விகிதம் கூடுகிறது, தாளில் பார்த்தால் வீண்போலத் தெரிகிறது. ஆனால் மலையின் இரு பக்கமும் இரண்டு பேர் அரை நொடி அரை நொடியாகப் பேசும்போது மோதுவது குறைகிறது, மோதினாலும் இழப்பது அரை நொடிதான்.

இன்னொன்றைத் தம்பிதான் கண்டுபிடித்தார். "அண்ணே, நான் பேசி முடிச்ச ஒடனே நீங்க ரெண்டு பேரும் ஒன்னா கெளம்புறீங்க" என்றார். அது உண்மை. நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் கேட்காவிட்டாலும் மலையை இருவருமே கேட்கிறோம். மலை வாயை மூடும் கணத்துக்காக இருவரும் காத்திருந்து ஒரே நேரத்தில் பாய்கிறோம். அலைவழி காலியானதும் உடனே பேசாமல், ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதுபோல் ஒரு வாய்ப்பை எடுத்துப் பேசும் முறை ஏற்கெனவே நிரலில் இருக்கிறது. 255 வரை போகும் அந்த வாய்ப்பின் எண்ணை 63இலிருந்து 31ஆக இறக்கினோம், அதாவது நான்கில் ஒன்றிலிருந்து எட்டில் ஒன்றாக. ஒவ்வொருவரும் இன்னும் சற்று நேரம் பொறுக்கிறோம். முன்பு ஒரு மாலை முழுவதும் போகாத இரண்டு கிலோபைட் கடிதம் இப்போது அண்ணன் அலையில் இருக்கும்போதே மூன்று நிமிடத்துக்குள் போய்விடுகிறது.

64 பைட்டுக்குள் எழுதுவது தமிழுக்குச் சற்று நெருக்கடிதான் என்பதையும் சொல்ல வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் 'வணக்கம்' என்ற ஒரு சொல் 21 பைட் எடுத்துக்கொள்ளும். ஒரு பொட்டலத்தில் மூன்று வணக்கத்தோடு இடம் தீர்ந்துவிடும். என் திரைக்கு அந்த எழுத்துகள் தெரியவும் தெரியாது. ஆகவே மூவரும் தமிழை ரோமன் எழுத்தில் தட்டிக்கொள்கிறோம், அதே சொல் 8 பைட்டில் முடிகிறது. டாஸ் காலத்துக் கணினிக்கு, 1985இலேயே, முத்து நெடுமாறன் முரசு மென்பொருளால் தமிழ் எழுதக் கற்றுக்கொடுத்தது நம் நாட்டில்தான். ஒரு வடிவத்துக்கு ஒரு பைட் என்ற அந்தக் காலக் குறியாக்கம் ஒன்றை இந்த நிரலோடு பொருத்திவிட முடிந்தால், மலை வழியாகத் தமிழ் எழுத்தே போகும். அடுத்து என் கை அதில்தான் இறங்கப் போகிறது.

என் அக்கா மகன் இப்போது உரிமத் தேர்வுக்குப் படிக்கிறான். தன் கணினியில் ஒலி அட்டை மென்பொருளை நிறுவிக்கொண்டு, வாரக் கடைசியில் வந்து பழையதன் பக்கத்திலேயே வைத்துக்கொள்வான். இரண்டு திரைகளிலும் ஒரே வரிகள் விழுவதை ஒப்பிட்டுப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு நிறைவு. சென்ற சனிக்கிழமை மாலை நான் ஒரு கடிதத்தை அனுப்பக் கை வைத்தேன். ஒலிபெருக்கியில் சத்தமே இல்லை, அலைவழி சுத்தமாக இருந்தது. அவன் பழைய திரையில் கடைசியாக விழுந்திருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினான். மலையிலிருந்து அண்ணனுக்குப் போன ஆர்ஆர் அது, ஒரு நொடிக்கு முன்பு.

"கொஞ்சம் பொறுங்க மாமா," என்றான். "பட்டர்வொர்த் மாமா இன்னும் முடிக்கல."